இம்பிளான்ட் பல்லைச் சுற்றி எலும்பு கரைகிறதா? எக்ஸ்ரே பற்றி நோயாளிகள் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு, காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று நமது கிழக்கிலங்கைக் கரையோரம் முழுவதும் இம்பிளான்ட் பல் (தாடை எலும்புக்குள் உலோக ஆணி வைத்து அதன் மேல் பொருத்தும் பல்) வைத்தவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். சிலர் இங்கேயே வைத்தவர்கள். மற்றவர்கள் கொழும்பில், சென்னையில், டோஹாவில், லண்டனில் வைத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர்கள். பல் வைத்த டொக்டர் ஒரு நாட்டில், வாய் இன்னொரு நாட்டில் என்பதால் பின்னால் பார்க்கும் எங்களிடம் அவர்கள் கொண்டுவரும் கேள்விகளும் கொஞ்சம் வேறுமாதிரி. அடிக்கடி காதில் விழுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு ஒரு வரியில்.

அது இரும்பு ஆணிதானே டொக்டர், அதுக்கு என்ன வரப்போகுது? எதுக்கு எக்ஸ்ரே?

இரும்பு அல்ல, டைட்டேனியம். சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானெமார்க் 1952 இல் முயல் எலும்பில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது, டைட்டேனியத்தோடு எலும்பு பிரிக்க முடியாதபடி ஒட்டி வளர்வதைக் கண்டார். 1965 இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் அதை வைத்தார். இன்று நாம் வைக்கும் எல்லா இம்பிளான்டும் அந்த ஒட்டுதலை நம்பித்தான் நிற்கின்றன.

உலோகத்துக்குச் சூத்தை வராது, உண்மை. ஆனால் அதைப் பிடித்து நிற்கும் எலும்புக்கு வருத்தம் வரும். முரசு ஓரத்தில் அழுக்கும் காவியும் தேங்கினால் முதலில் முரசு வீங்கும். அந்த வீக்கம் உள்ளே இறங்கினால் எலும்பு மேலிருந்து கீழாகக் கரையத் தொடங்கும். முரசு மூடியிருப்பதால் கண்ணால் பார்த்து எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் எக்ஸ்ரே.

ஒரு நோவும் இல்ல, நல்லாச் சாப்பிடுறன். பிறகும் எடுக்க வேணுமா?

வேண்டும். நோவு இல்லாததை வைத்து இம்பிளான்ட் நலமாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. சோற்றில் கிடந்த சின்னக் கல்லைக் கடித்தால் உடனே தெரிவது அந்தப் படலத்தில் இருக்கும் நரம்புகளால்தான். இம்பிளான்டுக்கு அந்தப் படலம் கிடையாது, எலும்போடு நேரே ஒட்டியிருக்கிறது. அதனால் கூச்சம் வராது, பல் நீண்டுவிட்டது போன்ற உணர்வு வராது, பாதி எலும்பு போன பிறகும் அசையாமல் நிற்கும். அடியில் கொஞ்ச எலும்பு பிடித்திருக்கும் வரை அது ஆடாது. ஆடத் தொடங்கும்போது காப்பாற்ற பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எக்ஸ்ரேயில் டொக்டர் எதைப் பார்க்கிறார்?

படத்தில் இம்பிளான்ட் வெள்ளையாக, திருகாணி மாதிரிப் புரி புரியாகத் தெரியும். அதன் இரண்டு பக்கமும் சாம்பல் நிறத்தில் எலும்பு. இம்பிளான்டின் மேல் விளிம்பிலிருந்து, எலும்பு முதன்முதலாக உலோகத்தைத் தொடும் இடம் வரை உள்ள தூரத்தை அளக்கிறோம். முன்பக்கப் பல்லை நோக்கிய பக்கத்தில் ஒரு அளவு, பின்பக்கப் பல்லை நோக்கிய பக்கத்தில் ஒரு அளவு.

பிறகு வடிவத்தைப் பார்க்கிறோம். எலும்பின் விளிம்பு மட்டமாக ஓடி இம்பிளான்டில் வந்து முட்டினால் நல்லது. வாவியில் வலை கட்ட நட்ட கம்பைச் சுற்றி மண் அரிபட்டுக் குழி விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி இம்பிளான்டைச் சுற்றி மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் அது நோயால் வந்த கரைவு என்று சந்தேகிப்போம்.

ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். வாய்க்குள் தகடு வைத்து எடுக்கும் இந்தச் சின்னப் படத்தில் தெரிவது இம்பிளான்டின் இரண்டு ஓரங்கள் மட்டும்தான். கன்னப் பக்கத்து எலும்பும் நாக்குப் பக்கத்து எலும்பும் உலோகத்தின் நிழலுக்குள் மறைந்துவிடும். இன்னொன்று, எலும்பிலிருந்து கனிமம் 30 வீதத்துக்கு மேல் போன பிறகுதான் சாதாரண எக்ஸ்ரேயில் குறைவு கண்ணுக்குத் தெரியும். ஆகவே படம் எப்போதும் வாயில் நடப்பதற்குக் கொஞ்சம் பிந்தியே வரும்.

எவ்வளவு கரைந்தால் பயப்பட வேண்டும்?

பல் வைத்த முதல் வருடத்தில் கொஞ்ச எலும்பு குறைவது வழமை. புதிதாக வந்த பொருளுக்கு ஏற்ப எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது, அது நோயல்ல. 1986 இல் சுவீடன் ஆய்வாளர் அல்பிரெக்ட்சனும் அவரோடு சேர்ந்தவர்களும் வகுத்த அளவுகோல் நீண்ட காலம் பாவனையில் இருந்தது: முதல் வருடத்துக்குப் பிறகு வருடத்துக்கு 0.2 மில்லிமீற்றருக்குக் குறைவாகக் கரைந்தால் இம்பிளான்ட் வெற்றி.

2017 இல் அமெரிக்க, ஐரோப்பிய முரசு நோய் நிபுணர்கள் சிக்காகோவில் கூடி இதைத் திரும்ப எழுதினார்கள். அதன்படி முதல் வருடத்துக்குள் 2 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் கரைவது வழமையான சரிசெய்தல் ஆகாது. அதற்குப் பிறகு, முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் எலும்பு இறங்கியிருக்கிறது, மெல்லிய அளவுகோலை முரசுக்குள் விட்டுப் பார்த்தால் இரத்தமோ சீழோ வருகிறது, முரசுப் பை (முரசுக்கும் இம்பிளான்டுக்கும் இடையிலுள்ள பள்ளம்) முன்பைவிட ஆழமாகிவிட்டது என்ற மூன்றும் சேர்ந்தால் அது இம்பிளான்டைச் சுற்றிய எலும்பு நோய்.

அந்த வரையறையின் நடுவில் ‘முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்’ என்று இருப்பதைக் கவனியுங்கள். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ‘இது கரைந்துகொண்டிருக்கிறது’ என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று எலும்பு எங்கே நிற்கிறது என்பதைத்தான் அது காட்டும். அது பத்து வருடமாக அங்கேயே நிற்கிறதா, போன மாசம் இறங்கியதா என்று சொல்ல இரண்டு படம் தேவை.

என்னட்ட பழைய எக்ஸ்ரே ஒண்டும் இல்ல. கட்டாரில இருக்கேக்க வைச்ச பல். இப்ப என்ன செய்யிற?

இதுதான் நமது பக்கத்தில் அதிகம் வரும் கேள்வி. ஒழுங்கு முறையாகச் சொல்கிறேன்.

முதலில் பல் வைத்த இடத்துக்கு ஒரு மின்னஞ்சலோ வட்ஸ்அப்போ அனுப்புங்கள். உங்கள் பெயர், கோப்பு இலக்கம், ஏறத்தாழ எந்த மாதம் என்று போட்டு மூன்று விடயங்களைக் கேளுங்கள். இம்பிளான்டின் கம்பனியும் வகையும், அதன் நீளமும் விட்டமும், மேலே பல்லைப் பொருத்திய அன்று எடுத்த எக்ஸ்ரே. டிஜிட்டல் இயந்திரம் இருந்த கிளினிக் என்றால் படம் அவர்களின் கணினியில் இன்னும் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வெட்கப்படாமல் கேளுங்கள், அது உங்கள் உடம்பின் பதிவு. இம்பிளான்ட் பெட்டிக்குள் ஒட்டக்கூடிய சிறிய லேபல் ஒன்று வரும், அதைச் சில கிளினிக்குகள் நோயாளியின் அட்டையில் ஒட்டிக் கொடுப்பார்கள். பழைய பாஸ்போட், வேலை ஒப்பந்தம் வைத்த கோப்புக்குள் அந்த அட்டை கிடக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள்.

கம்பனியும் வகையும் ஏன் தேவை என்றால், எல்லா இம்பிளான்டும் எலும்பின் விளிம்போடு மட்டமாக வைக்கப்படுவதில்லை. சில வகைகளின் மேல்பகுதி 1.8 அல்லது 2.8 மில்லிமீற்றர் உயரத்துக்கு வழவழப்பாகச் செய்யப்பட்டு, முரசுக்குள் நிற்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அந்த வகையில் எலும்பு மேல் விளிம்புக்குக் கீழே நிற்பதுதான் சரி. வகை தெரியாத ஒருவர் படத்தைப் பார்த்தால் ‘கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர் கரைந்துவிட்டது’ என்று பயமுறுத்திவிடுவார். நோயே இல்லாத இடத்தில் முரசைத் திறந்து சத்திரசிகிச்சை செய்யும் அளவுக்குக்கூட அது போகலாம்.

எதுவுமே கிடைக்கவில்லையா? அப்போதும் வழி இருக்கிறது. பழைய பதிவு இல்லாதவர்களுக்கென்றே 2017 கூட்டத்தில் ஒரு அளவு சொன்னார்கள்: எலும்புக்குள் இருக்க வேண்டிய பகுதியின் மேல் விளிம்பிலிருந்து எலும்பு 3 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்து, முரசுப் பை 6 மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் ஆழமாக இருந்து, தொட்டால் இரத்தமும் வந்தால் நோய் என்று கொள்ளலாம். அந்த எல்லைக்குள் வராவிட்டால் இன்றைய படத்தையே முதல் படமாக வைத்துக்கொண்டு, சில மாதங்கள் கழித்து அதே மாதிரி இன்னொன்று எடுத்து ஒப்பிடுவோம். இன்றைக்கு எடுக்கும் படம் இன்றைக்கு ஒரு முடிவும் சொல்லாமல் போகலாம். ஆனாலும் எடுத்து வையுங்கள்.

மட்டக்களப்பில் எடுத்த படத்தில் எலும்பு நல்லா இருக்கு, கல்முனையில் எடுத்ததில் குறைஞ்சிருக்கு. எது சரி?

இரண்டையும் என் முன்னால் வைத்தால் முதலில் எலும்பைப் பார்க்க மாட்டேன், புரியைப் பார்ப்பேன்.

எக்ஸ்ரே கதிர் இம்பிளான்டுக்குச் செங்குத்தாக விழுந்தால் இரண்டு பக்கத்துப் புரிகளும் தனித்தனியாக, கூராக, மரம் அரியும் வாளின் பல் மாதிரித் தெரியும். குழாய் மேலேயோ கீழேயோ சரிந்திருந்தால் புரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மங்கிவிடும். புரி மங்கிய படத்தில் எலும்பின் மட்டமும் பொய். உண்மையில் கரைந்த எலும்பு நிறைந்ததுபோலத் தெரியலாம், நிறைந்த எலும்பு கரைந்ததுபோலவும் தெரியலாம். ஆகவே புரி தெளிவாக இருக்கும் படத்தை நம்புங்கள். இரண்டிலும் மங்கல் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு ஒழுங்காக ஒன்று எடுக்க வேண்டும். இதை நீங்களே வீட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துச் சொல்லலாம், பெரிய படிப்புத் தேவையில்லை.

ஒழுங்காக எடுப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருக்கிறது. ஒரு முனையில் படத்தகடு, நடுவில் கடித்துக்கொள்ளும் கட்டை, வாய்க்கு வெளியே ஒரு வளையம். எக்ஸ்ரே குழாயை அந்த வளையத்தோடு ஒட்டி நிறுத்தினால் கோணம் தானாகச் சரியாகும். தாங்கி இல்லாமல் விரலால் பிடிக்கச் சொல்லி எடுக்கும் படம் சூத்தை பார்க்கப் போதும், இம்பிளான்டைச் சுற்றி மில்லிமீற்றர் அளக்கப் போதாது. கீழ்த்தாடையில் தாங்கி நாக்கின் அடியைக் குத்தும், சிலருக்கு ஓங்காளம் வரும். அந்த நேரம் மூக்கால் மெதுவாக மூச்செடுங்கள், தாங்கியைக் கொஞ்சம் நாக்குப் பக்கம் நகர்த்தச் சொல்லிக் கேளுங்கள். ‘அவசரமாக எடுத்து விடுங்கோ’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒழுங்காக எடுத்தாலும் இரண்டு படத்துக்கு இடையில் அரை மில்லிமீற்றர் வரை வித்தியாசம் வரலாம். அந்தளவு வித்தியாசத்தை வைத்து யாரும் சத்திரசிகிச்சைக்குத் திகதி போடக் கூடாது.

முழு வாயும் தெரியும் ஓபிஜி எடுத்து வைச்சிருக்கன். அது போதாதா?

மேலோட்டமாகப் பார்க்கப் போதும். பல இம்பிளான்ட் உள்ளவருக்கு, அல்லது வாய்க்குள் தகடு வைக்கவே முடியாதவருக்கு ஓபிஜி நல்ல உதவி. ஆனால் அதில் எல்லாம் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தெரியும், வழமையாக 20 முதல் 30 வீதம் வரை. முன்பற்களுக்கு மேலே முதுகெலும்பின் நிழல் வந்து விழும். நுணுக்கமும் சின்னப் படத்தைவிடக் குறைவு.

ஓபிஜி மட்டும்தான் இருக்கிறதென்றால் இப்படி ஒரு கணக்குப் போடலாம். உங்கள் இம்பிளான்டின் உண்மை நீளம் 10 மில்லிமீற்றர். படத்தில் அளந்தால் 12.5. அதாவது 1.25 மடங்கு பெருத்திருக்கிறது. மேல் விளிம்பிலிருந்து எலும்பு வரை படத்தில் 3 மில்லிமீற்றர் என்றால், அதை 1.25 ஆல் வகுக்க 2.4 வரும். மூன்றுக்கும் 2.4 க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல, மேலே சொன்ன 3 மில்லிமீற்றர் எல்லையை நினைத்துப் பாருங்கள். இந்தக் கணக்குக்கு இம்பிளான்டின் நீளம் தெரிய வேண்டும். லேபலைப் பத்திரப்படுத்தச் சொல்வதற்கு அது இன்னொரு காரணம்.

அப்ப ஸ்கான் எடுத்தால் எல்லாம் தெரியுமே?

முப்பரிமாண ஸ்கானைத்தான் கேட்கிறீர்கள், சிபிசிடி. இம்பிளான்ட் வைப்பதற்கு முன்னால் எலும்பின் அகலத்தையும் கீழ்த்தாடை நரம்பு ஓடும் இடத்தையும் பார்க்க அது மிக நல்லது. வைத்த பிறகு கதை வேறு. உலோகத்தைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கீற்றுகள் விழும், எலும்பு விளிம்பைத் துல்லியமாகப் பார்க்க வேண்டிய அதே இடத்தில். மெல்லிய கன்னப்பக்க எலும்பு இருந்தும் இல்லாததுபோலக் காட்டும்.

சத்திரசிகிச்சை செய்வதென்று முடிவான பிறகு பள்ளத்தின் வடிவம் தெரிய வேண்டும், அல்லது சின்னப் படத்துக்கும் வாயில் காண்பதற்கும் பொருந்தவில்லை என்றால் ஸ்கான் எடுப்பது நியாயம். வருடாவருடம் ‘செக் பண்ண’ ஸ்கான் எடுப்பது நியாயமில்லை. காசும் கூட, கதிரும் கூட.

படத்தில் இம்பிளான்டைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு தெரியுது. எலும்பு விட்டுப் போச்சுதா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பிரகாசமான உலோகத்துக்குப் பக்கத்தில் சாம்பல் நிறம் வரும்போது நமது கண்ணே அங்கே ஒரு இருண்ட கோட்டைப் போட்டுக்கொள்ளும். டிஜிட்டல் படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருளும் உலோகத்தைச் சுற்றி ஒரு கறுப்பு விளிம்பை உண்டாக்கும். அந்தக் கூர்மையாக்கலை நிறுத்திவிட்டு மூலப் படத்தைப் பார்த்தால் மென்பொருள் போட்ட கோடு மறைந்துவிடும்.

மறையாமல், மேலிருந்து அடி வரை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கோடு ஓடி, இம்பிளான்டும் ஆடினால் அது எலும்போடு ஒட்டவில்லை என்றுதான் பொருள்.

பல் ஆடுது டொக்டர். முடிஞ்சுதா?

பயப்பட முதல் எக்ஸ்ரே எடுங்கள். ஆடுவது பல நேரம் மேலே பூட்டிய பல் மட்டும்தான், உள்ளே இருக்கும் திருகாணி தளர்ந்திருக்கும். படத்தில் எலும்பு நல்ல மட்டத்தில் இருக்கும், பல்லும் இம்பிளான்டும் சேரும் இடத்தில் மட்டும் மெல்லிய இடைவெளி தெரியும். திருகாணியை இறுக்கினால் அல்லது மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் தளர்ந்த பல்லோடு மாதக்கணக்கில் சாப்பிட்டால் திருகாணி முறியும், இடைவெளிக்குள் கிருமி சேரும். அந்த வாரமே காட்டுங்கள்.

எக்ஸ்ரே நல்லா இருக்கு, ஆனா பிரஷ் பண்ணேக்க முரசில ரத்தம் வருது.

அப்படியென்றால் நல்ல நேரத்தில் வந்திருக்கிறீர்கள். எலும்பு கரையாமல் முரசு மட்டும் வீங்கிய நிலை இது, சுத்தம் செய்தால் திரும்பும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட வேண்டாம். பல்லை மேலே பொருத்தும்போது பூசிய சீமெந்து முரசுக்குள் மிஞ்சியிருந்தாலும் இப்படி வரும். அது பல்லின் ஓரங்களில் இருந்தால் படத்தில் சில நேரம் வெள்ளைத் துணுக்காகத் தெரியும், கன்னப் பக்கம் இருந்தால் தெரியாது. அதனால்தான் படத்தோடு மெல்லிய அளவுகோலை முரசுக்குள் விட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்க்கிறோம். அப்படிப் பார்க்காமல் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துச் சொல்லும் முடிவு அரைகுறை முடிவு.

எத்தனை நாளைக்கு ஒருக்கா எடுக்க வேணும்?

இம்பிளான்ட் வைத்த அன்று ஒன்று. மேலே பல்லைப் பொருத்திய அன்று ஒன்று. ஒரு வருடம் கழித்து ஒன்று. முதல் வருடத்துச் சரிசெய்தல் முடிந்து எலும்பு ஓய்ந்த மட்டத்தை இந்த மூன்றாவது படம் காட்டும், இனிமேல் எல்லாவற்றையும் அதோடுதான் ஒப்பிடுவோம். அதன் பிறகு இரத்தம், சீழ், ஆழம் கூடுதல் என்று ஏதாவது கண்டால் எடுக்க வேண்டும். ஒன்றும் இல்லாவிட்டால் இடைவெளியை உங்கள் நிலையைப் பார்த்து டொக்டர் தீர்மானிப்பார். சுத்தம் செய்ய வரும் ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே தேவையில்லை.

கதிர் வீச்சால் புற்றுநோய் வராதா?

மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒவ்வொரு மனிதரும் வாங்கும் இயற்கைக் கதிர்வீச்சு உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட். வாய்க்குள் வைத்து எடுக்கும் ஒரு சின்னப் படம் ஏறத்தாழ ஒரு நாளில் நாம் சும்மா இருந்து வாங்கும் அளவு, டிஜிட்டல் என்றால் அதிலும் குறையலாம். ஓபிஜி சில நாட்களின் அளவு. சிபிசிடி இயந்திரத்தையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில நாட்களிலிருந்து சில மாதங்கள் வரை போகும். எக்ஸ்ரேக்குப் பயந்து ஐந்து வருடம் காட்டாமல் இருந்து இம்பிளான்டை இழப்பது வீண் இழப்பு. காரணமில்லாமல் ஸ்கான் மேல் ஸ்கான் எடுப்பதும் தவறு.

ஈய அங்கி போடவில்லை என்று சிலர் கோபப்படுவார்கள். கதிரைச் சிறிய சதுரமாகக் குறுக்கும் புதிய முறைகளால், அங்கியும் கழுத்துப் பட்டியும் பல் எக்ஸ்ரேக்கு அவசியமில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024 இல் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு மனநிம்மதி என்றால் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை.

கர்ப்பமா இருக்கன்.

சொல்லிவிடுங்கள். வழமையான ஒப்பீட்டுப் படம் என்றால் பிள்ளை பிறக்கும் வரை தள்ளி வைக்கலாம். சீழ், வீக்கம் என்று அவசரம் இருந்தால் எடுக்கலாம், வயிற்றுக்குப் போய்ச் சேரும் கதிர் மிக மிகக் குறைவு.

நோன்பு காலத்தில் எடுக்கலாமா?

எக்ஸ்ரேயில் வாய்க்குள் மருந்தோ தண்ணீரோ போவதில்லை. தாங்கி வைக்கும்போது எச்சில் ஊறும், அவ்வளவுதான். அதில் மனம் ஒப்பாதவர்கள் மௌலவி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது நோன்பு திறந்த பிறகு இரவு கிளினிக்குக்கு வாருங்கள். தண்ணீர் பீச்சிச் சுத்தம் செய்யும் வேலையை எப்படியும் இரவுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

வெற்றிலை போடுவன், சீனி வருத்தமும் இருக்கு. எனக்கு மட்டும் கெதியா கரையுமா?

கட்டுப்பாட்டில் இல்லாத சீனி வருத்தம், சிகரட், முன்பு முரசு நோயால் சொந்தப் பல் விழுந்த வரலாறு, ஒழுங்காகச் சுத்தம் செய்யாமை ஆகியவை இம்பிளான்டைச் சுற்றி எலும்பு கரைவதோடு சேர்த்துப் பேசப்படும் காரணங்கள். சிகரட் பிடிப்பவருக்கு முரசில் இரத்தம் வருவதே குறையும். அது நலமல்ல, அறிகுறி மறைந்துவிட்டது என்று பொருள். அவருக்கு எக்ஸ்ரே இன்னும் முக்கியம்.

வெற்றிலையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். வயலிலும் தறியிலும் கடலிலும் உழைப்பவர்களுக்கு அது பழகிப்போனது என்று தெரியும். சுண்ணாம்பும் பாக்குத் தூளும் இம்பிளான்டின் கழுத்தில் காவியாகப் படிந்து இறுகிவிடும், சாதாரண பிரஷ்ஷுக்கு அது அசையாது. புகையிலையும் சேர்த்து மெல்லுபவருக்கு எலும்பைவிடப் பெரிய கவலை இருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. இம்பிளான்டைக் காட்ட வரும்போது கன்னத்தின் உள்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் படை, ஆறாத புண், வாய் திறக்க இறுக்கம் எதுவாக இருந்தாலும் அன்றைக்கே சொல்லுங்கள்.

சீனி வருத்தக்காரர்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள். எலும்புத் தேய்வுக்குக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்களும் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும், தாடை எலும்பில் கை வைக்க முதல் அது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

கரைந்த எலும்பு திரும்ப வளருமா?

தானாக வளராது. சுத்தம் செய்து நோயை நிறுத்துவதுதான் முதல் குறி. அது போதாவிட்டால் முரசைத் திறந்து புரிகளைச் சுத்தம் செய்ய வேண்டும். பள்ளத்தின் வடிவம் இடம் கொடுத்தால் எலும்புத் தூள் வைத்து நிரப்பலாம். நிரப்பியது எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிவதால் எலும்பு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், அந்தத் தூளே வெள்ளையாகத்தான் தெரியும். மாதங்கள் கழித்து இரத்தம் நின்றிருக்கிறதா, மட்டம் நிலைத்திருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்கே எடுப்பது?

சின்னப் படம் பல தனியார் பல் கிளினிக்குகளில் எடுக்கலாம். போவதற்கு முன் தொலைபேசியில் ‘தாங்கி வைத்து எடுப்பீர்களா, படத்தை கோப்பாகத் தருவீர்களா’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, அம்பாறை பொது வைத்தியசாலை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளின் பல் பிரிவுக்கு வீக்கம், சீழ் என்று அவசரமாக வந்தாலும் பார்ப்பார்கள். சிக்கலான இம்பிளான்டைப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டி வரலாம். இங்கிருந்து மலையேறிப் போய் வர ஒரு முழு நாள் போகும். பழைய படங்கள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போனால் அந்த நாள் வீணாகாது.

படத்தை எப்படிப் பத்திரப்படுத்துவது?

பிலிம் படம் என்றால் தேதியும் பல்லின் இடமும் எழுதிய சின்னக் கவரில் போட்டு, பொலித்தீன் பையில் கட்டி உயரமான இடத்தில் வையுங்கள். மார்கழி, தை மாரி வெள்ளத்தில் அலுமாரியின் கீழ்த்தட்டுத்தான் முதலில் நனையும், நனைந்த பிலிம் ஒன்றோடொன்று ஒட்டிப் போய்விடும். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

டிஜிட்டல் படம் என்றால் கணினித் திரையைப் போனில் படமெடுத்து வாங்க வேண்டாம், மூலக் கோப்பைக் கேளுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிப் புரிகள் மங்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது மின்னஞ்சலில் வாங்குங்கள்.

அப்பா ஆரையம்பதியில தனிய, நான் கனடாவில. அவர்ட எக்ஸ்ரேயை இஞ்ச ஒரு டொக்டரிட்ட காட்டிக் கேட்கலாமா?

தாராளமாக. ஆனால் படத்தை மட்டும் அனுப்பினால் அந்த டொக்டரால் பாதிதான் சொல்ல முடியும். இம்பிளான்டைச் சுற்றி ஆறு இடத்தில் அளந்த ஆழம், எந்த இடத்தில் இரத்தம் வந்தது, இம்பிளான்டின் வகை, பழைய படம் ஒன்று ஆகியவற்றை இங்குள்ள பல் டொக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி அதோடு சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். அப்பாவோடு யாராவது ஒருவர், மருமகனோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, கிளினிக்குக்குப் போனால் அந்தத் தாளைக் கேட்டு வாங்க மறக்க மாட்டார்கள்.